கூலி என்பது ஆளல்ல

தோட்டத் தொழிலாளர் வரலாற்றைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் பெயர்க்கும் வேலை கைக்கு வந்தது. முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். கப்பலில் வந்து இறங்கியவர்களைக் 'கூலிகள்' என்று தலை எண்ணிச் சொல்லியிருந்தது ஒரு வரி. அப்படியே தமிழில் வைத்தால் 'முந்நூறு கூலிகள் துறைமுகத்தில் இறங்கின' என்றுதான் வரும். தமிழ் படிக்கிறவர் காதில் அந்த வரியில் மனிதரே இல்லை. முந்நூறு பேருடைய சம்பளம் மட்டும் கப்பலேறி வந்தது போல இருக்கிறது.

'கூலியாட்கள்' என்று திருத்தினேன். வாக்கியம் நேராகிவிட்டது. ஆனால் மூலத்தில் இருந்த இழிவும் கூடவே போய்விட்டது. அந்த ஆங்கில வரியை எழுதியவர்கள் 'வேலைக்கு வந்த ஆட்கள்' என்ற பொருளில் அதை எழுதவில்லை. ஆளையும் அவருக்குத் தரவேண்டிய காசையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிட்டார்கள். அந்தக் கட்டு எப்படி விழுந்தது என்று தெரியாமல் அடுத்த வரிக்குப் போக மனம் வரவில்லை. ஆகவே இந்த ஒற்றைச் சொல்லை ஒரு வழக்கைப் போல எடுத்து, அது எங்கெங்கே போயிற்று, யார் வாயில் என்ன பொருள் கொண்டது என்று பார்க்கத் தொடங்கினேன்.

நம் வாயில் உள்ள கூலி

தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்குக் கொடுக்கவேண்டியது. இதில் குழப்பமே இல்லை. குறள் 619 சொல்கிறது:

தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன்
மெய்வருத்தக் கூலி தரும்.

தெய்வத்தால் முடியாமல் போனாலும், உடம்பு வருந்தி உழைத்த அளவுக்கு முயற்சி கூலி தந்தே தீரும் என்கிறார். ஆள்வினையுடைமை அதிகாரத்தில், முயற்சியின் உயர்வைச் சொல்ல வந்த இடத்தில், வள்ளுவர் கையில் எடுத்த சொல் கூலிதான். அங்கே அதற்கு எந்தத் தாழ்வும் இல்லை. உடல் பட்ட பாட்டுக்கு ஈடாக நிற்கும் உரிமையாகவே அது வருகிறது.

திருக்குறளில் 'ஊதியம்' என்ற சொல்லும் உண்டு. 'ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு' என்கிறது 231. அங்கே ஊதியம் என்பது ஆதாயம், பேறு. இன்று அரசாணைகளில் ஊதியம் மரியாதையான சொல்லாக உட்கார்ந்திருக்கிறது. கூலி வெயிலில் நிற்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு குறளில் இல்லை, பின்னால் வந்தது.

நாட்டு வழக்கில் இந்தச் சொல் எவ்வளவு அகலமாகக் கிடக்கிறது என்பதைப் பார்த்தால்தான் அதன் நடுப்பொருள் பிடிபடும். வண்டியில் சரக்கு ஏற்றிவிட்டால் வண்டிக்கூலி. மூட்டையைத் தூக்கினால் சுமைகூலி. லாரியில் போட்டால் ஏற்றுக்கூலி, எடுத்தால் இறக்குக்கூலி. மில்லில் மாவு அரைத்தால் அரவைக்கூலி. சட்டை தைத்தால் தையற்கூலி. அச்சகத்தில் அச்சுக்கூலி. வீட்டு வாடகைக்குக்கூடக் குடிக்கூலி என்று பழைய தமிழில் பெயருண்டு. நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். தங்கம் எவ்வளவு விலையேறினாலும் பொற்கொல்லரின் கைவேலைக்கான பணம் இன்றும் கூலி என்ற பெயரிலேயே ரசீதில் இருக்கிறது. அன்றைய வேலைக்கு அன்றே வாங்கும் காசுக்கு 'அத்தக்கூலி' என்று கிராமத்தில் சொல்வார்கள். 'அற்றைக் கூலி' என்பதுதான் வாய்க்குள் தேய்ந்து அப்படியானது.

இத்தனையிலும் ஒன்று மாறவில்லை. கூலி எப்போதும் கொடுக்கப்படுவது, வாங்கப்படுவது. வாங்குகிறவரைச் சொல்ல இன்னொரு சொல்லைக் கூட்டவேண்டியிருக்கிறது: கூலியாள், கூலிக்காரர், கூலித்தொழிலாளி. அந்த 'ஆள்' என்ற ஒட்டு சின்னதுதான். ஆனால் இந்த வழக்கில் எல்லாமே அந்த ஒட்டில்தான் தொங்குகிறது.

தமிழ் விவிலியத்தை இங்கே கொண்டுவராமல் இருக்க முடியவில்லை. லூக்கா 10:7-இல் 'வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்' என்று வருகிறது. ரோமர் 6:23-இல் 'பாவத்தின் சம்பளம் மரணம்'. வேலையாளுக்கு உரியது கூலி, பாவத்துக்கோ சம்பளம். மொழிபெயர்த்தவர்கள் இதை எண்ணிச் செய்தார்களோ இல்லையோ, கூலி என்ற சொல்லை உரிமையின் பக்கம் நிறுத்தியது எனக்கு நிறைவாக இருக்கிறது. அதே விவிலியத்தில் ஓநாயைக் கண்டு ஆடுகளை விட்டு ஓடுகிறவனும் உண்டு. அவன் 'கூலியாள்'. ஆள் என்ற ஒட்டு அங்கேயும் தவறாமல் இருக்கிறது.

தாழ்வான பொருளே நம்மிடம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மனமில்லாமல் ஒப்புக்குச் செய்கிறவனைக் 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்கிறோம். இழவு வீட்டில் காசுக்கு அழுதவர்களிடமிருந்து வந்த பேச்சு அது. காசுக்குக் கொலை செய்கிறவர்கள் கூலிப்படை. பக்கத்துக் கேரளத்தில், தூக்காமலேயே நின்று பார்த்ததற்குக் கேட்கும் காசுக்கு 'நோக்குக்கூலி' என்று பேர். 2018 மே 1 முதல் அதை ஒழிப்பதாக அந்த அரசு அறிவித்தது. இந்தப் பழிச்சொற்களை உற்றுக் கேட்டால், வேலைக்கும் காசுக்கும் பொருத்தம் இல்லாத இடத்தில்தான் அவை பிறக்கின்றன. பொருத்தம் இருந்தால் கூலி நல்ல சொல்.

பிறப்பு பற்றிய மூன்று சாட்சிகள்

ஆங்கிலத்துக்குள் போன அந்தச் சொல் எங்கிருந்து கிளம்பியது என்பதில் பழைய சச்சரவு உண்டு. ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி மூன்று ஊற்றுகளையும் எடுத்து வைக்கிறது. ஒன்று, குஜராத் பக்கத்துக் கோலி என்ற சமூகத்தின் பெயர். இரண்டு, தமிழின் கூலி. மூன்று, அடிமையைக் குறிக்கும் துருக்கிய மொழிச் சொல்லான குல். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தமிழ்க் கூலியை அவர் ஏட்டில் மட்டும் கண்டிருக்க மாட்டார்.

அந்த அகராதி கோலிக் கட்சியின் பக்கம் சாய்கிறது. ஓர் இனத்தின் பெயர் தொழிலின் பெயராகி, பிறகு தமிழ்க் கூலியோடு கலந்திருக்கும் என்பது அதன் எண்ணம். நான் இதை ஒரு பாதி மட்டுமே ஏற்கிறேன். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் நான்கிலும் கூலி என்ற சொல் அதே பொருளில் வேரோடிக் கிடக்கிறது. மேற்குக் கடற்கரையின் ஒரு சமூகப் பெயர் வந்து நான்கு மொழிகளுக்கும் சம்பளத்துக்குச் சொல் கொடுத்திருக்க வழியில்லை. குறள் அதற்கெல்லாம் வெகு முந்தியது. ஆகவே கூலி நம்முடையது. ஆனால் போர்ச்சுகீசியர் குஜராத் கரையிலும் இருந்தார்கள், சோழமண்டலக் கரையிலும் இருந்தார்கள். ஒரு துறையில் ஆளின் பெயராகக் கேட்டதையும் இன்னொரு துறையில் காசின் பெயராகக் கேட்டதையும் கப்பல்காரர்கள் பிரித்து வைத்திருக்கத் தேவையே இல்லை. மூட்டை தூக்க ஆள் கூப்பிட அவர்களுக்கு ஒரு சொல் போதும். ஆளும் காசும் ஒன்றாகக் கட்டப்பட்டது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

தானியத்தைக் குறிக்கும் கூலம் என்ற சொல்லிலிருந்து கூலி வந்தது என்று நம்மிடையே ஒரு விளக்கம் சொல்வார்கள். களத்தில் நெல்லாக அளந்து கொடுத்த காலத்தை நினைத்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஒலி ஒப்புமையைத் தவிர அதற்குக் கைகொடுக்கும் சான்றை யாரும் காட்டுவதில்லை என்பதால் அதை இந்த வழக்கில் சேர்க்கவில்லை.

கடலைத் தாண்டியபின்

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை 1834-இல் ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 2-இல் 'அட்லஸ்' என்ற கப்பல் 36 இந்தியரை மொரீசியசில் இறக்கியது. 1838-இல் கயானாவுக்கு, 1860-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு, 1879-இல் பிஜிக்கு. ஐந்தாண்டு ஒப்பந்தம். அந்த ஆங்கில 'அக்ரிமெண்ட்' வடக்கத்தியர் வாயில் 'கிர்மிட்' ஆகி, போனவர்கள் 'கிர்மிட்டியா' ஆனார்கள். அவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் அது. ஒப்பந்தத்தைச் சொல்லும் பெயர். எஜமானர்கள் வைத்த பெயர் கூலி.

சீனர்களுக்கும் இதே பெயர் விழுந்தது. 1847 முதல் 1874 வரை கியூபாவுக்கும் பெருவுக்கும் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சீனர்கள் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். சீன மொழியில் இதை எழுத எடுத்துக்கொண்ட இரண்டு எழுத்துகள் 'கு', 'லி'. முதலாவதற்குக் கசப்பு, இரண்டாவதற்கு வலிமை என்று பொருள். ஒலிக்காகத் தேர்ந்த எழுத்துகள்தாம், ஆனாலும் கசந்த உழைப்பு என்ற பொருள் அதற்குள் குடியேறிவிட்டது. தென்னிந்தியச் சொல் ஒன்றுக்குச் சீனர்கள் இப்படி ஒரு பிறப்பை எழுதிக் கொடுத்ததை முதன்முதலாக அறிந்தபோது வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. குறளின் 'மெய்வருத்தம்' அங்கே போய்ச் சேர்ந்தது போல இருந்தது.

நேட்டால்தான் இந்த வழக்கின் மையம். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16-இல் டர்பனில் 342 பேரை இறக்கியது. முதலாண்டு மாதம் 10 ஷில்லிங் கூலி. ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். கூலி என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள பொருள், அதாவது கையில் வரவேண்டிய காசு, அவ்வளவுதான். ஆனால் அவர்களுடைய பெயரே கூலி ஆயிற்று. பிறகு அவர்கள் மட்டுமல்ல, வணிகத்துக்கு வந்த குஜராத்தி, கணக்கு எழுத வந்த பார்சி, வழக்காட வந்த காந்தி, எல்லாரும் கூலி. காந்தி 'கூலி பாரிஸ்டர்'. வணிகர்கள் 'கூலி வியாபாரிகள்'. சொல்லின் மூலப்பொருள் மறந்துபோய் இந்தியர் எல்லாருக்கும் பொதுப்பெயராகிவிட்டது என்று காந்தியே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அங்கே இன்னொரு பெயரும் வழங்கியது: 'சாமி'. ராமசாமி, முத்துசாமி என்ற தமிழ்ப் பெயர்களின் வால். வெள்ளையர் அதையும் ஏளனமாகவே சொன்னார்கள். சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உமக்கு எஜமான் இல்லையே என்று சிலர் திருப்பிச் சொன்னதைக் காந்தி பதிவு செய்கிறார். கூலி என்ற சொல்லுக்கு அப்படித் திருப்பிச் சொல்ல வழி இருந்ததா? இருந்தது. 'கூலி என்றால் நீ எனக்குத் தரவேண்டிய பணம்' என்று சொல்லியிருக்கலாம். யாராவது சொல்லியிருப்பார்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

தரவேண்டிய பணத்தின் கதியைக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். 1895-இல் நேட்டால் ஒரு சட்டம் போட்டது. ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்குகிறவர் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்டவேண்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 12 பவுண்டு. கணவனின் வருமானம் மாதம் 14 ஷில்லிங்கைத் தாண்டியதில்லை என்கிறார் காந்தி. பன்னிரண்டு மாதத்துக்கு 168 ஷில்லிங், அதாவது 8 பவுண்டு 8 ஷில்லிங். ஓராண்டுக் கூலி முழுவதையும் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வரி தீராது. கூலி என்ற பெயரை மனிதர் மேல் ஒட்டிவிட்டு, கூலியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள். 1913-இல் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலையை நிறுத்தி ஆயிரக்கணக்கானோர் நடந்தது இந்த வரியை எதிர்த்துத்தான். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று நோயோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-இல் இறந்தார். வயது பதினாறு. அந்த ஆண்டே வரி நீங்கியது.

மலையகத்தில் வேறொரு கணக்கு

இலங்கைக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் போகவில்லை. கங்காணியோடு போனார்கள். 'கண்காணி' என்பதன் திரிபு கங்காணி. அவரே ஊரில் ஆள் சேர்ப்பார், வழிச்செலவுக்கு முன்பணம் கொடுப்பார், தோட்டத்தில் மேற்பார்வையும் பார்ப்பார். மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே மாத்தளை வரை நடந்தவர்களில் காலராவில் விழுந்தவர்கள் பலர். நடந்து சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே கடன் இருந்தது. வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும்: இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று எழுதிய காகிதம். 1921-இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

துரைமார் தமிழ் படிப்பதற்கென்று கைநூல்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்குப் பெயரே 'கூலித் தமிழ்'. வேலை வாங்குவதற்கு மட்டும் ஒரு தமிழ்! பேசியவர்களின் மொழிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் பேசியவர்கள் தங்கள் கூலியை என்ன சொல்லி அழைத்தார்கள் தெரியுமா? 'பேர்'. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிந்தால் அன்றைக்கு ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். 'இந்த மாசம் எத்தனை பேர்?' என்று ஒருவரை ஒருவர் கேட்டால் எத்தனை நாள் கூலி என்று பொருள். அதிகாரி ஆளுக்குக் கூலி என்று பெயர் வைத்தார். ஆட்கள் கூலிக்குப் பேர் என்று பெயர் வைத்தார்கள். திட்டமிட்டு வந்ததல்ல, நடைமுறையில் விளைந்த சொல்தான். ஆனாலும் தன் பெயர் அந்த ஏட்டில் ஏறினால்தான் அன்று அடுப்பு எரியும் என்ற நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அரைப்பேர் என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும். பெயரில் பாதியை வெட்டியது போல.

1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக இரு பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள். அங்கேயும் தலை எண்ணிக்கைதான். இன்று தங்களை மலையகத் தமிழர் என்று அழைத்துக்கொள்ளும் மக்கள், ஒரு நாளுக்குக் கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டு, 2021 மார்ச்சில்தான் அதை அரசிதழில் ஏற்ற முடிந்தது.

சொல்லை என்ன செய்வது

பல நாடுகளில் பல முடிவுகள். தென்னாப்பிரிக்காவில் இது வெறுப்புச் சொல். சொன்னவர் மேல் வழக்குப் போடலாம். இந்தோனேசியாவில் 'குலி' கட்டட வேலை செய்கிறவரைக் குறிக்கும் அன்றாடச் சொல்லாகவே இருக்கிறது. பத்திரிகையாளர்கள்கூட 'குலி திந்தா', மைக்கூலி, என்று அழைக்கப்படுவதுண்டு. மொரீசியசில் கப்பலிறங்கிய படித்துறை 'கூலி காட்' என்ற பெயரை விட்டு 'ஆப்ரவாசி காட்' ஆகி, 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதே மொரீசியசின் கவிஞர் கல் தொராபுல்லி 1992-இல் எதிர்வழி போனார். சொல்லை மறைக்காமல், 'கூலிட்யூட்' என்று ஒரு புதுச்சொல் படைத்து, கடல் கடந்தவர்களின் நினைவுக்கே அதைக் கொடியாக்கினார். இந்திய ரயில்வே 2016 பட்ஜெட்டில் நிலையத்துக் கூலிகளைச் 'சகாயக்' என்று அழைப்பதாக அறிவித்தது. நம் ஊர் நிலையங்களில் 'கூலி' என்று ஆளைக் கூப்பிடுவது கடல் கடந்து போய் ஆங்கிலத்தின் தோளில் ஏறித் திரும்பி வந்த பழக்கம் என்றே எனக்குப் படுகிறது. களத்துமேட்டில் யாரும் ஆளை அப்படிக் கூப்பிடுவதில்லை. அங்கே 'ஆள் வந்தாச்சா?' என்பார்கள், மாலையில் 'கூலி கொடுத்தாச்சா?'

களத்துமேடு என்றதும் கீழ்வெண்மணியைச் சொல்லாமல் போக முடியாது. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட பூசலின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். மறு ஆண்டு தஞ்சைப் பகுதிக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர் பிரச்சினைக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். இந்த இரண்டு இடத்திலும் கூலி என்ற சொல் தமிழின் பழைய பொருளில்தான் இருந்தது: எங்களுக்குத் தரவேண்டியது. அந்தச் சொல்லைக் கேவலம் என்று கருதி 'ஊதியம்' என்று மாற்றி எழுதினால், அவர்கள் கேட்டது எதை என்பதே மங்கிப்போகும். ஆகவே கூலி என்ற சொல்லைத் தமிழிலிருந்து ஒதுக்கும் யோசனைக்கு நான் எதிரி.

என் மொழிபெயர்ப்பைப் பற்றிய முடிவு இதிலிருந்தே வந்தது. கம்பெனிக் கடிதம், கப்பல் கணக்கு, அதிகாரி பேச்சு என்று மேற்கோள் வரும் இடங்களில் 'கூலிகள்' என்ற இலக்கணப் பிழையை அப்படியே வைத்தேன். தமிழ்க் காதுக்கு அது உறுத்தும். உறுத்தட்டும், அதுதான் நடந்தது. கட்டுரையாளர் தன் குரலில் பேசும் இடங்களில் தொழிலாளர் என்றோ ஆட்கள் என்றோ எழுதினேன். பணம் வருகிற இடத்தில் மட்டும் சம்பளம், ஊதியம் என்று எதற்கும் போகாமல் கூலி என்றே வைத்தேன். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பதிவேட்டின் படம் இருந்தது. அதன் ஆங்கிலத் தலைப்புகளுக்கும் தமிழ் வேண்டும். இடப்பக்கக் கட்டத்தில் 'கூலி' என்று இருந்தது, கீழே ஆட்களின் பெயர்கள். வலப்பக்கத்தில் தொகை. படத்தின் கீழே இரண்டு சொல் எழுதினேன்: இடப்பக்கத்துக்குப் 'பேர்', வலப்பக்கத்துக்குக் 'கூலி'.